விருந்தாளிக்கு ஒரு பார்சல்

அந்தப் பார்சல் நல்ல சூடாக இருந்தது. உள்ளே வாழையிலைத் துண்டு, அதற்கு மேல் பழைய பத்திரிகைத் தாள், அதற்கும் மேல் ஒரு சொப்பிங் பை. பையின் அடியில் எண்ணெய் கசிந்து என் விரல்களில் ஒட்டியது. மற்றக் கையில் கமரா.

"நஸ்ரின், இந்தா. மாப்பிள்ள உள்ளுக்கு வர முந்தி டக்குண்டு சாப்பிட்டுட்டு வா. குசினிக்குப் பின்னால பாய் போட்டீக்கி" என்றாள் ரிஸ்மியா.

ரிஸ்மியா என் சிநேகிதி. ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தவர்கள் நாங்கள். அன்று அவளுடைய தங்கச்சியின் கலியாணம். மாம்புரியில், தென்னந்தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் அவர்களுடைய பெரிய வீட்டில் பெண்களுக்கென்று தனியாகப் பந்தல் போட்டிருந்தார்கள். விடிந்ததிலிருந்து அந்தப் பந்தலுக்குள் நின்று படமெடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு சதமும் வாங்காமல்.

பார்சலைத் தந்தவள் திரும்பியும் பார்க்காமல் போய்விட்டாள். குசினிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். சட்டி கழுவ வந்த பெண்கள், வெங்காயம் உரிக்க வந்தவர்கள், மணப்பெண்ணை அலங்கரிக்க வந்தவளுக்குக் கையாளாக வந்தவள், எல்லோரும் பாயில் இருந்து பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. வேலைக்கு வந்தவர்கள். பின்னேரம் கூலியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போகப்போகிறவர்கள். அவர்களுக்குக் கூலியும் உண்டு, பார்சலும் உண்டு. எனக்குப் பார்சல் மட்டும்தான்.

இவ்வளவு காலம் கழித்து எழுதும்போதும் காது சூடாகிறது.

நமக்குள்ள என்ன சல்லி

கலியாணத்துக்குச் சில கிழமைகளுக்கு முன்னர் ரிஸ்மியா கார்ட் கொண்டுவந்தாள். வெல்வெட் ஒட்டிய தடித்த கார்ட். 'குடும்ப சகிதம்' என்று அச்சடித்திருந்தது. என் பெயரைத் தன் கையாலேயே எழுதியிருந்தாள். நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன். பின்னாலேயே வந்து குசினி வாசலில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"நீதான் படமெடுக்கணும். வேற ஆர எடுக்க? நீ எங்கட புள்ள."

"எடுக்கலாம். எந்த நாள், எத்தன மணித்தியாலம், அல்பம் எப்படி எண்டு செல்லு. விலய பிறகு கதைப்பம்."

அவள் முகம் மாறியது. அந்த மாற்றத்தை இந்தத் தொழிலில் நான் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் நோவு, கொஞ்சம் 'உன்னை இப்படி நினைக்கவில்லையே' என்ற பார்வை.

"விலயா? நமக்குள்ள என்ன சல்லிக் கதை?" என்றாள்.

அந்த வீட்டில் பந்தல்காரருக்குச் சல்லி உண்டு. சமையல்காரருக்கு உண்டு. அலங்காரம் செய்ய வந்தவளுக்கு, அவள் கொழும்பிலிருந்து வந்தவள் என்பதால், வாயைத் திறந்து கேட்ட தொகை அப்படியே உண்டு. என்னிடம் மட்டும் 'நமக்குள்ள'. அவளுடைய நானாவுக்கு, அதாவது அண்ணனுக்கு, சந்தியில் சீமெந்துக் கடை. நான் வீடு கட்டியபோது ஒரு மூட்டையாவது 'நமக்குள்ள' என்று தூக்கித் தந்தாரா? பேரேட்டில் எழுதித்தான் தந்தார்.

இதையெல்லாம் அன்று சொல்லவில்லை. சரி என்றேன். தேத்தண்ணியில் சீனி போட மறந்துவிட்டேன். அதையும் குடித்துவிட்டுப் போனாள்.

பட்டனை அமத்துற வேலை

போன கிழமை, உச்சமுனைக்குப் படகில் போகும்போது என் பிளாஷ் களப்பில் விழுந்த கதையை இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். வாசித்துவிட்டு ஒரு வாசகர் தொலைபேசியில் பேசினார். மிகவும் கவலைப்பட்டார். "எவ்வளவு நட்டம், தங்கச்சி" என்று இரண்டு தடவை சொன்னார். வைக்கப்போகும் நேரத்தில், மகனுக்குப் பாஸ்போர்ட் படம் எடுக்க வேண்டுமாம், வந்தால் சும்மா எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

இப்படித்தான் எல்லோரும். யுத்தம் முடிந்த பிறகு எங்கள் கரைக்கு வெள்ளைக்காரர் வரத் தொடங்கினார்கள். காற்றாடியைப் பிடித்துக்கொண்டு கடலில் வழுக்கப் பலர், டொல்பின் பார்க்கப் பலர். கற்பிட்டிப் பக்கம் ஹோட்டல்கள் முளைத்தன. ஒரு ஹோட்டல் மனேஜர் என்னைக் கூப்பிட்டு, எல்லா அறைகளையும் படமெடுத்துத் தரச் சொன்னார். சம்பளத்துக்குப் பதிலாக ஓர் இரவு இலவசமாகத் தங்கலாமாம். என் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். சொந்தப் பாயை விட்டுவிட்டு நான் ஏன் அங்கே போய்ப் படுக்க வேண்டும்?

மதுரங்குளியில் ஒரு அபாயாக் கடைக்காரர். "படம் எடுத்துப் போடுங்க, உங்களுக்கும் ஒரு விளம்பரம்தானே" என்றார். நல்லது நானா, எனக்கு ரெண்டு அபாயா சும்மா தாங்க, உடுத்திக்கொண்டு ஊரெல்லாம் போறன், உங்களுக்கும் விளம்பரம் என்றேன். சிரித்தார். அபாயா தரவில்லை.

"பட்டனை அமத்துறதுதானே" என்பார்கள். அமத்துறதுதான். அதற்குப் பிறகு நடப்பதைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை.

எங்கள் கலியாணங்களில் பெண்கள் பக்கத்துக்கு ஆண் கமராக்காரர் வர முடியாது. அதனால்தான் என் போன்ற ஒருத்திக்குத் தொழில். எடுத்த படங்களையும் வேறு ஆண்கள் பார்க்கக் கூடாது. ஆகவே ஸ்டூடியோவுக்கோ அச்சடிக்கும் இடத்துக்கோ கொடுக்க முடியாது. கதவைச் சாத்திக்கொண்டு நானே வேண்டாததைக் கழித்து, நானே நிறம் திருத்தி, நானே அச்சடித்து, நானே அல்பம் ஒட்டுகிறேன். கலியாணம் ஒரு நாளில் முடிந்துவிடும். எனக்கு அது கிழமைக் கணக்கில் இழுக்கும். கண் சிவந்து, முதுகு பிடித்து, வீட்டில் பாணும் சம்பலும்தான் சாப்பாடு என்று ஆகும்.

ஒருவருடைய வீட்டுப் பெண்ணின் முகம் என் வீட்டுக் கதவுக்கு வெளியே போகாது என்ற நம்பிக்கையைத்தான் நான் விற்கிறேன். அதை 'ரெண்டு க்ளிக்' என்று சொன்னால் எனக்குக் கோபம் வராதா?

முதல் கமரா வாங்க என் காப்பு இரண்டும் போயின. அதற்கு முன்னர் மதுரங்குளிச் சந்தியில் ஒரு ஸ்டூடியோவில் அல்பம் ஒட்டும் வேலைக்குப் போய், பசை மணம் சோற்றிலும் வரும்படி உழைத்தேன். சும்மா கேட்பவர்களுக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறு என்ற பழைய கதையாவது தெரிய வேண்டாமா?

ஹாஜியாரின் வளவு

அப்படியானால் ரிஸ்மியாவுக்கு மட்டும் ஏன் சரி என்றாய் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லாமல் மேலே எழுத முடியாது.

தொண்ணூறில் இயக்கக்காரர் முஸ்லிம்கள் எல்லோரையும் மன்னாரை விட்டுப் போகச் சொன்னபோது நான் சின்னப்பிள்ளை. படகில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினோம். உடுத்த உடுப்பும், வழியில் வாந்தியெடுத்த தம்பியும், உம்மாவின் கையில் ஒரு பையும். வாப்பா வந்த சில மாதங்களில் காய்ச்சலில் மௌத்தாகிவிட்டார். எங்களுக்கு இடம் தந்தவர் ரிஸ்மியாவின் வாப்பா. எல்லோரும் அவரை ஹாஜியார் என்பார்கள். தன் தென்னந்தோட்டத்தின் ஒரு மூலையைக் காட்டி, கிடுகும் கம்பும் தந்து, "கொட்டில் போட்டு இருங்க" என்றார். கிணற்றில் தண்ணி அள்ளவும் விட்டார். எங்களைப் போல இன்னும் சில குடும்பங்கள் அங்கே இருந்தன.

நல்ல மனிதர். அதை எழுதத்தான் வேண்டும். அந்த நாளில் இந்த ஊர் தன் பள்ளிவாசலையும் பள்ளிக்கூடத்தையும் திறந்துவிட்டுத்தான் எங்களை ஏற்றுக்கொண்டது. அந்த நன்றி எனக்கு இல்லாமல் இல்லை.

மற்றதையும் எழுதத்தான் வேண்டும். ஹாஜியாருக்கு வெங்காயத் தோட்டமும் இருந்தது. உம்மா அதில் வேலைக்குப் போனார். மணலில் குந்தியிருந்து வெங்காயம் பிடுங்கி, தாள் அறுத்து, கட்டுக் கட்டும் வேலை. வியாழக்கிழமை பின்னேரம் ஹாஜியார் வீட்டு விறாந்தையில் கூலி கொடுப்பார்கள். ஊர்ப் பெண்களுக்கு முழுக்கூலி. எங்கள் ஆட்களுக்கு அரைக்கூலி. ஒரே வரம்பில் இருந்து ஒரே வெங்காயத்தைப் பிடுங்கியவர்கள்தான்.

நான் உம்மாவின் சீலையைப் பிடித்துக்கொண்டு விறாந்தைக்குக் கீழே நிற்பேன். ரிஸ்மியா விறாந்தைக்கு மேலே, வாப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில் நிற்பாள். எங்கள் இருவருக்கும் எண்ணத் தெரியும் வயதுதான்.

ஒரு நாள் உம்மாவிடம் கேட்டேன், ஏன் எங்களுக்கு மட்டும் அரைவாசி என்று.

"இருக்க இடம் தந்தவங்ககிட்டக் கூலி பேசலாமா? வாய மூடு" என்றார்.

பிறகு நாங்கள் வேறிடத்தில் ஒரு துண்டுக் காணி வாங்கி வீடு கட்டிக்கொண்டோம். ஹாஜியாரும் மௌத்தாகிவிட்டார். ஆனால் உம்மாவுக்கு அந்தக் கதை மாறவில்லை. ரிஸ்மியா கார்ட் தந்துவிட்டுப் போன அன்றும், "சல்லி கேக்காத. அவங்கட வளவுல இருந்த ஆக்கள் நாங்க" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஆறாவது ஆள்

மறுபடி பார்சலுக்கு வருகிறேன்.

எங்கள் கலியாணச் சாப்பாடு சஹனில்தான். வெளியூர் வாசகர்களுக்குச் சொல்கிறேன், சஹன் என்பது பெரிய தட்டம். நடுவில் நெய்ச்சோறு குவித்து, மேலே கோழியும் இறைச்சியும் வைத்து மூடிக் கொண்டுவருவார்கள். அதைச் சுற்றி ஆறு பேர் நிலத்தில் இருந்து, ஒரே தட்டத்தில் கை வைத்துச் சாப்பிடுவது. பணக்காரியும் ஏழையும் முழங்காலோடு முழங்கால் முட்ட இருக்க வேண்டும். ஆறு பேர் சேராமல் மூடியைத் திறக்கமாட்டார்கள். மற்றவர்கள் முடிக்கும் முன்னர் ஒருவர் எழும்புவதும் அழகல்ல.

சஹனில் இருப்பவர் விருந்தாளி. பார்சல் வாங்குபவர் வேலையாள். இதைச் சின்னப்பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ரிஸ்மியாவுக்கும் நன்றாகத் தெரியும்.

சல்லி என்று வந்தபோது நான் அவர்களுடைய பிள்ளை. சோறு என்று வந்தபோது வேலைக்காரி. ஒருத்தியை இரண்டு பக்கமும் வெட்டுவது இதுதான். காசு தந்து பாயில் இருக்கச் சொல்லியிருந்தால் சந்தோஷமாக இருந்து சாப்பிட்டிருப்பேன். காசில்லாமல் தன் பக்கத்தில் இருத்தியிருந்தாலும் சந்தோஷம்தான்.

பாயின் ஓரத்தில் ஒரு ராத்தா, வயிற்றுப்பிள்ளைக்காரி, தன் பார்சலைத் தின்று முடித்திருந்தார். என் பார்சலை அவர் மடியில் வைத்தேன். கமராவைப் பைக்குள் போட்டு மூடினேன். பந்தலுக்குள் திரும்பினேன்.

மூலையில் ஒரு சஹனைச் சுற்றி ஐந்து பெண்கள் இருந்தார்கள். மூடி திறக்கப்படவில்லை. நடுவில் மூமினா மாமி. ஹாஜியாரின் மூத்த சகோதரி, அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. பல் ஒன்றும் இல்லை. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"சோறு ஆறுது. இந்தச் சஹனுக்கு ஒராள் வாங்களன்" என்று கத்திக்கொண்டிருந்தார்.

நான் போய் இருந்தேன். ஒரு பெண் கையில் தண்ணி ஊற்றினாள். மூடி திறந்தார்கள். ஆவி முகத்தில் அடித்தது.

"நீ ஆருட புள்ள?" என்றார் மாமி.

"மரியம்ட மகள், மாமி. தோட்டத்து வளவுல இருந்த மரியம்."

"வெங்காயத் தோட்டத்து மரியமா? அவ நல்ல வேலகாரி" என்று சொல்லிவிட்டு, ஒரு கோழித் துண்டை என் பக்கமாகத் தள்ளிவிட்டார்.

நாலு வாய்கூடச் சாப்பிட்டிருக்கமாட்டேன். வெளியே வெடிச் சத்தம். மாப்பிள்ளை வந்துவிட்டார். காவின் என்ற திருமணப் பதிவை எழுதி முடித்துவிட்டு, பெண்கள் பக்கத்துக்குள் வந்து மணப்பெண்ணின் கழுத்தில் மாலை போடும் நேரம். கலியாண அல்பத்தில் எல்லோரும் முதலில் தேடும் படம் அதுதான். மாப்பிள்ளை வீட்டார், பெண்கள் பக்கத்தில் ஒருவரும் போனைத் தூக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஆகவே அந்தப் பந்தல் முழுக்க இருந்தது ஒரே ஒரு கமரா. அது என் முதுகுக்குப் பின்னால் பைக்குள் இருந்தது.

ரிஸ்மியா சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"நஸ்ரின், இங்க என்ன செய்றாய்? எழும்பு. மாப்பிள்ள வாசல்ல."

"சாப்பிட்டுட்டு வாறன்."

"பார்சல் தந்தேனே?"

"அது வேலைக்கு வந்த ஆக்களுக்கு. நான் கார்டுக்கு வந்த ஆள்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவள் குனிந்து என் தோளைப் பிடித்தாள். உண்மையில் இழுத்தாள். அப்போது மூமினா மாமி சோற்றிலிருந்து கையை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தார்.

"சஹன்ல ஈக்கிற புள்ளய எழுப்புறியா? ஒன்ட வாப்பா ஈந்தா இதப் பாத்துட்டு ஈப்பாரா?"

"மாமி, மாப்பிள்ள நிக்கிறார்."

"நிக்கச் செல்லு. கால் நோகாது."

மாமி எனக்காகப் பேசவில்லை. சஹனுக்காகத்தான் பேசினார். எனக்கு அது போதுமாக இருந்தது.

மாப்பிள்ளை நின்றார். கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு, உச்சி வெயிலில், தென்னை மரத்தடியில். காற்று அசையவில்லை. தோழர்கள் கைக்குட்டையால் விசிறினார்கள். நான் வேகமாகத்தான் சாப்பிட்டேன், அது அல்லாஹ்வுக்குத் தெரியும். ஆனால் மாமிக்குப் பல் இல்லை. ஒவ்வொரு வாயையும் நிதானமாக உருட்டி, ஈறால் மென்று, பக்கத்திலிருந்தவளிடம் யாருடைய மகளுக்குப் பிள்ளை பிறந்தது என்று விசாரித்துக்கொண்டு சாப்பிட்டார். அவர் முடிக்காமல் ஒருவரும் எழும்ப முடியாது. பிறகு வட்டிலப்பம் வந்தது. அதையும் விடவில்லை.

கை கழுவி, துடைத்து, கமராவை எடுத்தேன். மாலை போடும் படம் என் வாழ்நாளில் எடுத்த நல்ல படங்களில் ஒன்று. மணப்பெண் குனிந்த கண்ணோடு சிரிக்கிறாள். மாப்பிள்ளையின் கொலர் மட்டும் வியர்வையில் நனைந்திருக்கும். எவ்வளவோ திருத்திப் பார்த்தேன், போகவில்லை.

அலுமாரிக்கு முன்னால்

எல்லாம் முடிந்து நான் புறப்படும்போது ரிஸ்மியா என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டாள். அலுமாரிக்கு முன்னால் நின்று தலைமுக்காட்டு ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் என்னைப் பார்த்தே பேசினாள்.

"மாப்பிள்ள ஊட்டாருக்கு முன்னால என்னக் கேவலப்படுத்திட்டாய். ஒதுங்க எடம் தந்த ஆக்களுக்கு நீ செய்ற கைமாறு இதுதானா?"

அதுவரை அவள் அதைச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் என்னை 'அகதி' என்று கூப்பிட்டபோதுகூட, வாங்கில் நகர்ந்து எனக்கு இடம் விட்டவள் அவள்தான். அதனால்தான் அந்தச் சொல் அப்படிக் குத்தியது.

"எடம் தந்தது ஒன்ட வாப்பா" என்றேன். "அத நான் மறக்கல்ல. நீ குசினிக்குப் பின்னால ஒரு பாய்தானே காட்டினாய்."

அவள் அடுத்த ஊசியைக் கழற்றினாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அல்பத்தை ஒழுங்காகச் செய்து முடித்து அனுப்பினேன். ஒரு படத்தையும் குறைக்கவில்லை. சும்மா செய்வதாக வாக்குக் கொடுத்தது நான்தான். ஆனால் அன்றிலிருந்து யார் வந்து 'நீ எங்கட ஆள்தானே' என்று தொடங்கினாலும் ஒரே கேள்வி கேட்கிறேன். கார்டா, கமராவா?

கார்ட் என்றால், நல்ல சீலை உடுத்து, கையில் ஒரு பரிசோடு வருவேன். சஹனில் இருப்பேன். கமரா வீட்டில் இருக்கும். கமரா என்றால் விலை இது. பார்சலோ பாணோ எதைத் தந்தாலும் எங்கே இருந்தும் சாப்பிடுவேன். இந்தக் கேள்வியோடு பாதிப் பேர் கழன்றுவிடுகிறார்கள். கழலட்டும். உறவு அறுந்துவிடும் என்று பயமுறுத்தினார்கள் சிலர். ஓர் அல்பத்தின் விலையில் அறுந்துபோகிற உறவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

உம்மா கேட்ட கேள்வி

கலியாணத்தன்று வீட்டுக்கு வந்து உம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஏசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். உம்மா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்த பிறகு ஒன்றுதான் கேட்டார்.

"சஹன்லயா இருந்தாய்?"

"ஓம்."

"மூமினா மாமிட சஹன்ல?"

"ஓம், உம்மா. கோழித் துண்டும் தள்ளிவிட்டா."

உம்மா அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். பிறகு, "அந்த வீட்டுக் கலியாணங்களுக்கு நானும் வெங்காயம் உரிக்கப் போயிருக்கன். பார்சல் தந்து விடுவாங்க. திங்காமக் கொண்டு வருவன். நீங்க ரெண்டு பேரும் என்ன ஆசையாத் திம்பீங்க" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மத்தியானம் அந்தச் சொப்பிங் பையைக் கையில் வாங்கியபோது வந்த மணம் எங்கேயோ தெரிந்த மணமாக இருந்தது. கிடுகுக் கொட்டிலுக்குள், விளக்கு வெளிச்சத்தில், தம்பியும் நானும் அடிபட்டுத் தின்ற நெய்ச்சோறு. எங்கள் சிறுவயதில் அதைவிட ருசியான சாப்பாடு இருந்ததாக எனக்கு நினைவில்லை. உம்மா அதில் ஒரு வாய்கூடச் சாப்பிட்டதாகவும் நினைவில்லை.

அரைவாசி

ஒரு வருஷத்துக்கு மேல் ரிஸ்மியாவோடு பேச்சு இல்லை. சந்தியில் கண்டால் ஸலாம் சொல்வோம், அவ்வளவுதான். எனக்கு அது நோகாமல் இல்லை. சில நாட்களில், நான் அவ்வளவு பிடிவாதம் பிடித்திருக்க வேண்டுமா என்றும் தோன்றும். பிறகு அந்தப் பார்சல் நினைவுக்கு வரும். தோன்றியது போய்விடும்.

ஒரு நாள் பின்னேரம் போன் அடித்தது. நான் ஓர் அல்பத்துக்குத் தாள் வெட்டிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் பசை. போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். உம்மா வாசற்படியில் இருந்து சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நஸ்ரின், நான் ரிஸ்மியா. கடைசித் தங்கச்சிக்கும் நாள் வச்சாச்சி."

"அல்ஹம்துலில்லாஹ். நல்ல கதை." பிறகு கேட்டேன், "கார்டா, கமராவா?"

ஊரெல்லாம் இந்தக் கேள்வி பரவியிருந்தது. அவளும் கேள்விப்பட்டிருப்பாள். கொஞ்சம் சிரித்தாள்.

"கமராதான். மாப்பிள்ள ஊட்டார் ஒன்டதான் வேணுமாம். அந்த அல்பத்தப் பாத்தீக்காங்க."

விலையைச் சொன்னேன். மற்றவர்களுக்குச் சொல்கிற அதே விலை. ஒரு சதம் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சுக் கேட்டது. "வாப்பாவும் இல்ல. செலவுக்கு மேல செலவு. சும்மா கேக்கல்ல நான். அரைவாசிக்குச் செய்து தாவன். பழக்கத்துக்காக."

என்ன சொல்ல? இவ்வளவு வீறாப்பாக எழுதிக்கொண்டு வந்தவள், அந்த இடத்தில் தடுமாறினேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். அவள் குரல் உண்மையிலேயே களைத்திருந்தது. ஒரே வாங்கில் நகர்ந்து இடம் விட்ட பிள்ளையின் குரல். சரி என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

வாசற்படியில் சுளகுச் சத்தம் நின்றது. உம்மா தலையை நிமிர்த்தவில்லை. ஒரு கல்லைப் பொறுக்கி முற்றத்தில் எறிந்தார். போனுக்குக் கேட்க வேண்டும் என்று கொஞ்சம் உரத்துத்தான் சொன்னார்.

"அரைவாசிக்கு வேணாம், மகள். அந்த வீட்டுக்குக் குடுக்க வேண்டிய அரைவாசிய நான் தோட்டத்துலயே குடுத்து முடிச்சிட்டன்."

ரிஸ்மியா போனை வைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். உம்மா மறுபடி சுளகை ஆட்டத் தொடங்கியிருந்தார்.

"நஸ்ரின்" என்றாள் ரிஸ்மியா. "சரி, கலியாணத்தண்டைக்கு எத்தன மணிக்கு வருவாய்?"